கால் படாத கயிலை

2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒயிட் மவுண்டன்ஸ் மலைத்தொடரில், ஒரு சிறிய குழு காட்டுப்பாதையில் ஏறத் தொடங்கியது. மூன்று பேர் சக்கர நாற்காலியில். இரண்டு பேர் ஊன்றுகோலில். கைகொடுக்க நண்பர்கள் சிலர். அவர்கள் போய்ச் சேர வேண்டிய இடம் கேல்ஹெட் குடில். உயரம் 3,780 அடி. பாதையின் நீளம் 4.6 மைல், ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பழக்கப்பட்ட மலையேறிகள் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். இவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் பிடித்தது. சக்கரம் ஓடிய இடத்தில் ஓட்டினார்கள். ஓடாத இடத்தில் கையை ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு ஏறினார்கள்.

அந்தக் குடில் 1932-இல் கட்டப்பட்டது. அந்த மலைகளில் எட்டுக் குடில்களை நடத்திவரும் அப்பலாச்சியன் மவுண்டன் கிளப் அதை அப்போதுதான் இடித்துப் புதிதாகக் கட்டி முடித்திருந்தது. நிலம் அரசின் வனத்துறைக்குச் சொந்தம். மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் 1990-லேயே வந்துவிட்டதால், புதுக் கட்டடத்துக்குச் சாய்தளமும், கைப்பிடி வைத்த கழிப்பறையும் வேண்டும் என்றாகிவிட்டது. மலையேறும் வட்டாரத்தில் இது பெரிய எரிச்சலைக் கிளப்பியது. நடந்தே போக முடியாத பாறைக்காட்டின் நடுவில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளமா, யார் வரப்போகிறார்கள் என்று கேட்டார்கள். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்த்ஈஸ்ட் பாசேஜ் என்ற அமைப்பு அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்ததே அதற்குப் பதில் சொல்லத்தான்.

மேலே போய்ச் சேர்ந்தவர்களிடம் ஒரு செய்தியாளர் கேட்டார்: இத்தனை கரடுமுரடான பாதையில் உடம்பை இழுத்துக்கொண்டு ஏறி வந்தவர்களால், குடிலின் வாசலில் இருக்கும் நாலு படியில் அதேபோல ஏற முடியாதா? குழுவை நடத்தி வந்தவர் திருப்பிக் கேட்டார்: அப்படியானால் உங்களுக்கு மட்டும் படி எதற்கு? ஜன்னல் வழியாக உங்களை இழுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதானே?

சொற்சாமர்த்தியமான பதில் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கேள்வி, பதில் இரண்டுக்கும் அடியில் ஆன்மிகத்தைச் சேர்ந்த ஒரு பழைய வழக்கு கிடக்கிறது. மலை என்பது வருந்திப் பெற வேண்டிய ஒன்றா? வியர்வையும் மூச்சிரைப்பும் கொடுத்தவனுக்கு அதன் கூலியாகத்தான் உச்சிக் காட்சி கிடைக்கிறதா? அல்லது மலை முன்பே அங்கே இருக்கிறது, எப்படி வந்தாலும் வந்தவருக்கு அது காட்சி தருகிறது என்பதா?

மலையேறிகளில் பெரும்பாலோர் முதல் கட்சி. அவர்கள் அதை மதம் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் பேச்சில் மதத்தின் வாசம் வீசும். சுத்தம், புனிதம், தகுதி, தனிமை என்ற சொற்கள் வரும். அமெரிக்கக் காடுகளின் காவலர் என்று போற்றப்படும் ஜான் மியூர், யோசெமிட்டியின் பள்ளத்தாக்குகளைத் தேவாலயம் என்றே எழுதியவர். தேவாலயம் என்றால் வாசலில் ஒரு தகுதிச் சோதனை இருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்போலும். அந்தச் சோதனைக்குக் கால்தான் அனுமதிச்சீட்டு.

இங்கே ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. அதே ஒயிட் மவுண்டன்ஸில்தான் மவுண்ட் வாஷிங்டன் இருக்கிறது. 6,288 அடி, அந்த வட்டாரத்திலேயே உயர்ந்த சிகரம். அதன் உச்சிக்குக் குதிரை வண்டிப் பாதை 1861-இல் திறக்கப்பட்டது. பல்சக்கர ரயில் 1869-இல் ஓடத் தொடங்கி, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக, சக்கரத்தில் உட்கார்ந்து சிகரத்துக்குப் போவது அந்த மலைகளில் நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம். அதனால் மலையின் புனிதம் கெட்டது என்று ரயிலை யாரும் நிறுத்திவிடவில்லை. ஒரு குடிலின் வாசலில் போட்ட மரச்சரிவுதான் மனத்தை உறுத்தியது. எனவே உறுத்தியது சக்கரம் அல்ல. ‘இவர்கள் இங்கே இருக்க வேண்டியவர்கள் அல்லவே’ என்ற எண்ணம்தான்.

*

தமிழ்ப் பக்தி மரபில் மலையும் காலும் படும் பாடு முற்றிலும் வேறு. மலைமேல் கால் வைப்பதையே பெரிய அபசாரமாக நினைத்தவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள்.

காரைக்கால் அம்மையார் கயிலைக்குப் போனபோது, சிவன் இருக்கும் மலையைக் காலால் மிதிக்கக் கூசித் தலையாலேயே நடந்து ஏறினார் என்கிறது பெரியபுராணம். அப்படி வருகிற எலும்புருவத்தைப் பார்த்து உமை வியக்க, சிவன் அவரைத் தாயே என்று அழைத்தார். பின்னால் அம்மையார் திருவாலங்காட்டுக்கும் தலையாலேயே நடந்து வந்ததால், அந்த ஊர் மண்ணை மிதிக்க ஞானசம்பந்தர் தயங்கினார் என்பதும் புராணச் செய்தி. வைணவத்தில் இராமானுசர் கதை உண்டு. திருவேங்கட மலை முழுவதும் காலால் மிதிக்கத் தகாத புனிதம் என்று கருதி, அவர் முழங்காலால் ஏறினார் என்பது மரபு. அலிபிரிப் பாதையில் இன்றும் மோகாளி மெட்டு என்று ஓர் இடம் இருக்கிறது; மோகாலு என்றால் தெலுங்கில் முழங்கால். அங்கே வரும் பக்தர்கள் சிலர் படிகளில் மண்டியிட்டு ஏறுவதைப் பார்க்கலாம்.

இந்தக் கதைகளை உடல் வருத்தத்தின் பெருமை என்று மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். மறுபாதி, நிமிர்ந்து இரண்டு காலில் நடப்பதுதான் மலையை அணுகும் முறையான வழி என்ற நினைப்பை இவை சுக்குநூறாக்குகின்றன என்பது. தலை, முழங்கால், கை, மார்பு எல்லாம் மலைக்குப் போகும் உறுப்புகளே. கேல்ஹெட் பாதையில் உட்கார்ந்தபடி பாறைக்குப் பாறை நகர்ந்தவர்களைப் பார்த்து மூக்கின்மேல் விரல் வைத்தவர்களுக்கு, அம்மையாரின் பயணத்தை யாராவது சொல்லியிருக்கலாம்.

ஆனால் இந்த வழக்கின் மையம் அப்பர்.

முதிய வயதில் கயிலையைக் கண்டே தீருவது என்று கிளம்புகிறார் திருநாவுக்கரசர். காசிக்கு அப்பால் மனித நடமாட்டம் இல்லாத வழி. சேக்கிழார் அந்தப் பயணத்தை ஓர் உடம்பு தேய்ந்து தீர்வதாகவே எழுதுகிறார். முதலில் பாதங்கள் தேய்கின்றன. கையை ஊன்றித் தவழ்கிறார். கைகள் மணிக்கட்டுவரை தேய்கின்றன. மார்பால் ஊர்கிறார், மார்பின் தசை நைந்து எலும்பு முறிகிறது. புரண்டு போகிறார். உறுப்புகள் எல்லாம் ஓய்ந்த பிறகு, அசைய வழியின்றிக் கிடக்கிறார். அப்போது ஒரு முனிவர் வேடத்தில் வந்து நிற்கிறார் சிவன். இந்த மனித உடம்போடு கயிலை சேர முடியாது, திரும்பிப் போ என்கிறார். அப்பர் மறுக்கிறார். ஆண்டவனைக் காணாமல் இந்த உடம்போடு திரும்பேன் என்பது அவர் பதில். இறைவன் மறைந்து, எழுந்திரு என்று குரல் கொடுக்கிறான். உடம்பு பழையபடி ஆகிறது. பக்கத்தில் இருக்கும் குளத்தில் மூழ்கி, திருவையாற்றில் எழு, கயிலைக் காட்சியை அங்கே காண் என்கிறான். எழுகிறார். கண்ணெதிரே காவிரிக்கரை ஊர். ஆணும் பெண்ணுமாய் வரும் யானைகளிலும் பறவைகளிலும் சிவசக்தியைக் காண்கிறார். திருவையாறே கயிலையாகத் தெரிகிறது.

இந்தக் கதையில் அப்பர் மலையேறித் தோற்கிறார். எத்தனை பேர் இதைக் கவனிக்கிறார்களோ தெரியாது. சைவத்தின் பெருந்தவசிகளில் ஒருவர், தன்னிடமிருந்த எல்லா உறுப்பையும் கொடுத்தும், மலை உச்சிக்குப் போய்ச் சேரவில்லை. வருத்தம் விலையாகச் செல்லுபடியாகியிருந்தால் அவருக்குத்தான் முதலில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கப்பட்டது வேறு கணக்கில். மலை அவரிடம் வந்தது. அவருக்குப் பழகிய ஆற்றங்கரைக்கு, அன்றாடம் காணும் விலங்குகளின் உருவத்தில் வந்தது. உழைப்பு வீண் என்று கதை சொல்லவில்லை. அந்த ஏக்கத்துக்கு இறைவன் இரங்குகிறான். ஆனால் உழைப்பின் அளவுக்கும் காட்சிக்கும் இடையில் பண்டமாற்று எதுவும் இல்லை.

வைணவத்தில் இதே கேள்வி வடகலை, தென்கலை என்று இரண்டு பெரும் பிரிவுகளுக்கு ஆதாரமாகிவிட்டது. அதை இரண்டு உவமைகளால் சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. பற்று நழுவினால் விழும். பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை. தாய் வந்து வாயால் கவ்விக்கொண்டு போகிறது. அருள் பெறுவதற்கு ஆன்மாவின் பக்கத்திலிருந்து ஒரு முயற்சி வேண்டும் என்பார்கள் வடகலையார். முயற்சி என்று எதைச் செய்தாலும் அது அருளுக்குக் காரணமாகாது என்பார்கள் தென்கலையார். நூற்றாண்டுகளாக நடந்த வாதம். இரு தரப்பிலும் மகான்கள். ஆனால் இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒன்று உண்டு: குரங்குக்குட்டியும் சரி, பூனைக்குட்டியும் சரி, இடம் விட்டு இடம் போவது தாயின் காலால்தான்.

*

முயற்சியைக் கூலியாகக் கேட்கும் பார்வை, மாற்றுத்திறனாளிகளிடம் வரும்போது ஒரு விசித்திரமான வடிவம் எடுக்கிறது. அவர்களிடம் மற்றவர்களைவிடப் பத்து மடங்கு அதிகம் கேட்கிறது.

மார்க் வெல்மன் 1982-இல் சியரா நெவாடா மலையில் தவறி விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு யோசெமிட்டி தேசியப் பூங்காவில் வனக்காவலராக வேலை பார்த்தார். 1989 ஜூலையில், நண்பர் மைக் கார்பெட் கயிறு கட்டிக்கொண்டே முன்னே ஏற, எல் கேப்பிடான் என்ற 3,000 அடிச் செங்குத்துப் பாறையைக் கைகளால் மட்டும் ஏறினார். ஓர் இழுப்புக்கு ஏறத்தாழ ஆறங்குலம். அப்படிச் சுமார் ஏழாயிரம் இழுப்பு. வீட்டுக் கதவு நிலையைப் பற்றிக்கொண்டு இரண்டு தடவை உடம்பைத் தூக்கிப் பார்த்தால் ஏழாயிரம் என்பது எப்படிப்பட்ட எண் என்று தோளுக்குத் தெரியும்.

மகத்தான காரியம், சந்தேகமில்லை. சங்கடம் வேறு இடத்தில். இப்படி ஒருவர் ஏறியதும் அவர் படம் செய்தித்தாள்களில் வருகிறது. உலகம் உச்சி குளிர்கிறது. அதே பூங்காவில் ஓர் அருவியின் அடிவாரம்வரை போய், சாரல் முகத்தில் பட ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வர விரும்பும் ஒருவருக்குச் சமதளமாய் ஒரு பாதை கேட்டால் செலவுக் கணக்கு பேசுகிறார்கள். வீரம் காட்டுபவருக்கு மலை உண்டு. வீரம் எதுவும் காட்டாமல் சும்மா இருக்க வருபவருக்கு இல்லை. நல்ல காலுள்ளவர்களிடம் இந்த வீரத்தை யாரும் கேட்பதில்லை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பொட்டலத்தில் புளிசாதம் கட்டிக்கொண்டு போய்ப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

வீரத்தையே தடுத்த கதையும் உண்டு. 2017 டிசம்பரில் நேபாள அரசு, இரண்டு கால்களும் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும் எவரெஸ்ட் முதலிய சிகரங்களில் ஏறக்கூடாது என்று முடிவெடுத்தது. பாதுகாப்பு என்று காரணம் சொல்லப்பட்டது. 2018 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அதே ஆண்டு மே மாதம், இரண்டு கால்களையும் இழந்திருந்த சீனர் சியா போயூ, தம் 69-ஆவது வயதில் உச்சியில் நின்றார். ஆப்கானிஸ்தானில் 2010-இல் வெடிகுண்டில் கால்களை இழந்த முன்னாள் கூர்க்கா வீரர் ஹரி புத்தா மகர் 2023 மே மாதம் ஏறி முடித்தார். இரு கால்களும் முழங்காலுக்கு மேலே இல்லாமல் எவரெஸ்ட் ஏறிய முதல் மனிதர் அவர்.

தகுதி இல்லை என்று மறிப்பதும், தகுதியை நிரூபித்துக் காட்டு என்று கேட்பதும் ஒரே வாசலின் இரண்டு கதவுகள்தாம்.

*

பாதை என்பது இயற்கை அல்ல. இந்த எளிய உண்மை ஏனோ மலையில் மறந்துபோகிறது. அமெரிக்க அறிஞர் அலிசன் கேஃபர், தாமே சக்கர நாற்காலி பயன்படுத்துபவர். 2013-இல் வெளிவந்த தம் நூலில் கேல்ஹெட் சம்பவத்தை எடுத்துப் பேசுகிறார். அவர் சுட்டும் செய்தி: காட்டுப்பாதை எல்லாமே கட்டப்பட்டவை, ஏதோ ஒரு வகை உடம்பை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. மரம் வெட்டி, பாறை உடைத்து, ஓடைக்குக் குறுக்கே பலகை போட்டு, மழைநீர் வடியக் கட்டை பதித்து யாரோ செய்து வைத்ததுதான் நாம் ‘இயற்கையான’ பாதை என்று நடப்பது. கல்லை அடுக்கிப் படி வைத்தால் அது கண்ணில் படுவதில்லை. அதே கல்லைச் சரித்து வைத்தால் மட்டும் செயற்கை என்று தோன்றுகிறது.

பழனிக்குப் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மலைக்கு ஏறத்தாழ 690 படி. அதற்குப் பக்கத்தில் யானைப்பாதை என்று ஒன்று வளைந்து வளைந்து மெல்ல ஏறுகிறது. கோயில் யானை ஏறுவதற்காக அமைத்தது என்பார்கள். முழங்கால் வலிக்காரர்களும் பிள்ளையைத் தூக்கி வருபவர்களும் அதிலேதான் போவார்கள். யானையின் காலுக்குச் செங்குத்துப் படி ஒத்துவராது என்று கண்டவர்கள், யானையைத் திருத்தப் போகவில்லை, பாதையை வளைத்தார்கள். 1966-இல் வின்ச் என்னும் இழுவை ரயில் வந்தது. 2004-இல் ரோப் கார் வந்தது. தண்டாயுதபாணி, படியேறி வந்தவருக்கு ஒரு முகமும் வின்ச்சில் வந்தவருக்கு வேறு முகமும் காட்டுவதாக எந்தப் பக்தரும் சொல்லக் கேட்டதில்லை.

ஆனால் வின்ச்சும் ரோப் காரும் இந்தக் கேள்விக்கு முழு விடை அல்ல. அவை உச்சியைத் தருகின்றன, வழியைத் தருவதில்லை. மலையேறுபவர் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: உச்சியில் இருப்பது பத்து நிமிடம், பாக்கி நேரம் முழுவதும் வழி. சருகின் வாசம், திடீரென்று குளிரும் ஒரு வளைவு, தூரத்தில் கேட்டுக் கேட்டு நின்றுபோகும் ஒரு பறவைக் குரல், எல்லாம் வழியில் கிடைப்பவை. கண்ணாடிப் பெட்டியில் ஏற்றி உச்சியில் இறக்கிவிடுவது நல்ல உதவி. அது காட்டுக்குள் இருப்பது ஆகாது.

அதனால்தான் சரிவுக் கணக்கு இத்தனை முக்கியமாகிறது. அமெரிக்காவில் அரசு நிலங்களில் அமைக்கும் காட்டுப்பாதைகளுக்கு 2013-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் இப்படிப் போகின்றன. இருபது அடிக்கு ஓர் அடி உயரும் சரிவு எத்தனை தூரம் வேண்டுமானாலும் இருக்கலாம். பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் 200 அடிக்குள் முடிந்து, ஓய்வெடுக்கச் சமதளம் வர வேண்டும். பத்துக்கு ஒன்று 30 அடி. எட்டுக்கு ஒன்று வெறும் 10 அடி. பாதையின் அகலம் குறைந்தது 36 அங்குலம். தரை கெட்டியாக, அசையாமல் இருக்க வேண்டும். பாதையை இப்படி அமைப்பது அந்த இடத்தின் இயல்பையே மாற்றிவிடும் என்றால் விலக்கு உண்டு என்றும் விதியே சொல்கிறது.

காகிதத்தில் இவை வறட்டு எண்கள். கைக்கு அப்படி அல்ல. பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில் சக்கரத்தைத் தள்ளுபவர், தள்ளிய கையை எடுத்து அடுத்த பிடி பிடிப்பதற்குள் நாற்காலி பின்னோக்கி நகரப் பார்க்கும். அந்தக் கண நேரத்தில் அடிவயிறு இறுகும். உடம்பை முன்னே சாய்க்க வேண்டும். சாய்த்தால் கண் தரையைத்தான் பார்க்கும், மரத்தை அல்ல. முன்சக்கரம் சின்னது, கைப்பிடி அளவு சரளை போதும், உள்ளே புதைந்துவிடும். மழைநீர் வடியப் பாதையின் குறுக்கே போட்ட நாலங்குலக் கட்டை, நடப்பவர் கவனிக்காமலே தாண்டுவது, இங்கே மதிலாக நிற்கும். ஈர மண் சக்கர விளிம்பில் ஒட்டி உள்ளங்கைக்கு வரும், கை வழுக்கும். இருபதுக்கு ஒன்று சரிவில் இதெல்லாம் மாறுகிறது. மூச்சு சீராகிறது. தலை நிமிர்கிறது. முக்கியமாக, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு வர வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது.

காடு தருவதாகச் சொல்லும் பெரிய வரம் தனிமை. துறவிகள் அதற்காகத்தான் போனார்கள். மலையேறிகளும் அதைத்தான் சொல்கிறார்கள். சக்கர நாற்காலியில் வாழும் பலருக்கு வாழ்நாள் முழுக்கக் கிடைக்காத பொருளும் அதுவே. எப்போதும் யாராவது கூட இருப்பார்கள்; இருந்தாக வேண்டும். யாரும் கூட வராமல், கூப்பிடு தூரத்துக்கு அப்பால், ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் தானாக இருந்துவிட்டு வருவது அவர்களுக்கு அபூர்வம். அந்த அரை மணி நேரத்தை 36 அங்குலப் பாதை தருகிறது. இதைவிட ஆன்மிகமான கட்டுமானம் வேறு எது என்று கேட்கத் தோன்றுகிறது.

சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மணல்மேல் மரப்பாதை போட்டார்கள். கடல் ஒருபோதும் அருகில் வராத வாழ்க்கை வாழ்ந்தவர்கள் அதில் போய் அலையைத் தொட்டார்கள். சில நாளில் வந்த மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. கடல் தன் குணத்தைக் காட்டத்தான் செய்யும். மலையும் நிலச்சரிவில் காட்டும். பாதை என்றால் செப்பனிட்டுக்கொண்டே இருப்பதும் சேர்ந்ததுதான்.

*

எதிர்க்கட்சியில் ஓர் உண்மையான கவலை இருக்கிறது. அதைத் தள்ளிவிடக் கூடாது. எல்லாருக்கும் வழி என்ற பெயரில் மலையை வெட்டிச் சாலை போடுகிறார்கள், விடுதி கட்டுகிறார்கள், கம்பிவடம் இழுக்கிறார்கள். பிறகு கூட்டம் வருகிறது, பிளாஸ்டிக் வருகிறது, ஓடை சாகிறது. நடக்க முடியாதவர்களின் பெயர் அந்த வியாபாரத்துக்குச் சாக்காக மட்டும் பயன்பட்டிருக்கிறது. அந்தச் சாலையில் அவர்கள் போவதுகூட அபூர்வம்.

அமெரிக்கச் சட்டம் இதில் ஒரு நிதானத்தைக் கண்டது. 1964-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம், மனிதக் கை படாமல் விடப்பட்ட காட்டுப்பகுதிகளில் மோட்டார் வாகனங்களைத் தடுக்கிறது. 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், அந்தப் பகுதிகளிலும் சக்கர நாற்காலிக்குத் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. நடக்க இயலாதவரின் கால் அது, வண்டி அல்ல என்ற புரிதல். கூடவே, அங்கே அதற்காக எதையும் கட்டித்தர வேண்டிய கட்டாயம் அரசுக்கு இல்லை என்றும் சொன்னது. எல்லா மலையிலும் எல்லாப் பாதையும் சரிய வேண்டாம். அப்படி யாரும் கேட்கவும் இல்லை. ஏற முடியாத இடம் என்று ஒன்று எல்லாருக்கும் இருப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மனிதர்களுக்கென்று பாதையும் குடிலும் கழிப்பறையும் கட்டிய இடத்தில், எந்த மனிதருக்கு என்று பிரிப்பதில் நியாயம் இல்லை.

ஜான் மியூரின் வாழ்க்கையில் ஒரு சம்பவம். 1867 மார்ச்சில், இண்டியானாபொலிஸில் வண்டிப் பாகங்கள் செய்யும் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, அரத்தின் கூர்முனை தெறித்து அவருடைய வலது கண்ணில் பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் இடது கண்ணும் சேர்ந்து இருண்டது. வாரக்கணக்கில் இருட்டறையில் படுத்துக் கிடந்தார். பார்வை திரும்பியதும் பட்டறையை விட்டார்; அந்த ஆண்டே மெக்சிகோ வளைகுடாவை நோக்கி ஆயிரம் மைல் நடந்தார்; அடுத்த ஆண்டு யோசெமிட்டியில் இருந்தார். இனி ஒரு பூவையும் பார்க்க மாட்டோம் என்று இருட்டில் கிடந்த ஒருவரின் ஏக்கத்திலிருந்து பிறந்ததுதான், பின்னால் கோடிக்கணக்கானவர்கள் பகிர்ந்துகொண்ட அந்த மலைப் பக்தி. அந்த அறையில் கிடந்த மியூரிடம் போய், கண் சரியானால்தான் காடு உனக்கு என்று யாராவது சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

*

பிரான்சில் ஜோயல் கிளோடெல் என்ற மலை வழிகாட்டி 1987-இல் ஒரு நாற்காலி செய்தார். தசைநோயால் நடக்க முடியாத தம் உறவினர் ஒருவரை மலைக்குக் கூட்டிப்போக அது வேண்டியிருந்தது. ஜோலெட் என்று பெயர். அதற்கு ஒரே ஒரு சக்கரம், நாற்காலிக்கு நேர் கீழே. முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் ஒருவர் சமநிலை பார்த்துப் பிடிக்க, ஒற்றையடிப் பாதையிலும் பாறைப் படியிலும் போகும். நம் கண்ணுக்கு அது சக்கரம் வைத்த சிவிகை. சபரிமலையில் நாலு பேர் தோளில் போகும் டோலியின் உறவுக்காரி.

தூக்கிச் செல்லப்படுவது என்றதும் பலருக்குக் கூச்சம் வருகிறது. அடுத்தவருக்குப் பாரம் என்ற குற்ற உணர்வு வருகிறது. டோலியில் அந்தக் கூச்சத்துக்குக் காரணமும் இருக்கிறது. தூக்குபவர் பசிக்காகத் தூக்குகிறார். செங்குத்தில் அவர் முழங்கால் படும் பாடு உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். ஆள் தூக்க இருக்கிறான் என்பதைக் காட்டிச் சரிவுப்பாதை போடாமல் விடுவது இரண்டு பேருக்கும் செய்யும் அநியாயம். ஆனால் தூக்கப்படுவதே இழிவு என்றால் தமிழ்க் கோயில்களில் இழிவுக்கு முதலில் ஆளாக வேண்டியவர் கடவுள். அவர் நடப்பதே இல்லை. உற்சவம் என்றால் தோளில்தான் புறப்பாடு. தூக்குகிறவர்களுக்கு ஸ்ரீபாதம்தாங்கிகள் என்று பெயர். திருவரங்கத்தில் நம்பெருமாளின் நடையழகைச் சொல்லிச் சொல்லி உருகுவார்கள். வாசலை விட்டு வரும்போது சிங்கம்போல நிமிர்ந்து ஒரு நடை, பாம்புபோல வளைந்து ஒரு நடை. அந்த நடை முழுவதும், தோளில் தண்டு அழுத்திக் காய்த்துப்போன மனிதர்களின் கால்களால் ஆனது. அவர்கள் நடக்கிறார்கள், பெருமாள் நடந்தார் என்று ஊர் சொல்கிறது.

கயிலைக்குப் போய்த் திருவையாற்றில் எழுந்த அப்பர், அங்கிருந்து திருப்பூந்துருத்திக்கு வந்து மடம் அமைத்துத் தங்கினார். பாண்டி நாட்டிலிருந்து திரும்பிய ஞானசம்பந்தர் அவரைப் பார்க்க அங்கே வந்தார். சம்பந்தர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தந்தையின் தோளிலேயே ஊர் ஊராய்ப் போனவர். பிஞ்சுக் கால் நோகுமே என்று இறைவனே திருவரத்துறையில் முத்துச் சிவிகை கொடுத்தான் என்பது புராணம். அன்றும் அதில்தான் வந்தார். எதிர்கொள்ளப் போன கூட்டத்துக்குள் யாருக்கும் தெரியாமல் நுழைந்த அப்பர், சிவிகை தாங்குவோரில் ஒருவராகத் தோளைக் கொடுத்தார். ஊருக்கு அருகில் வந்ததும் சம்பந்தர் கேட்டார், அப்பர் எங்கே இருக்கிறார் என்று. தாங்கள் ஏறிவரும் சிவிகையைத் தாங்கும் பேறு பெற்று இங்கேதான் இருக்கிறேன் என்று கீழிருந்து குரல் வந்தது. பதறிப்போய் இறங்கிய சம்பந்தர் அவரை வணங்கப் போக, அதற்குள் அப்பர் முந்திக்கொண்டு வணங்கினார். பிறகு இருவரும் சேர்ந்து பூந்துருத்திக் கோயிலுக்குப் போனார்கள்.